சட்டத்தரணி ஜோன் மக்குளோய்

மன்னரின் வரலாற்றையும் படைத்தலைவரின் வரலாற்றையும் உலகம் விரும்பிப் படிக்கின்றது. ஆனால், மக்கள் வாக்கினால் எப்பதவிக்கும் தெரிவுசெய்யப்படாமலே, இலட்சக்கணக்கானோர் வாழ்வைப் பேனாமுனையால் மாற்றியமைத்தோரும் உளர். அவருள் ஒருவர் அமெரிக்கராகிய ஜோன் மக்குளோய்.

1895ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரிற் பிறந்த அவர், இளமையிலேயே தந்தையை இழந்தார். தாயார் செல்வர் இல்லங்களிற் சிகையலங்காரம் செய்து மகனைக் கற்பித்தார். முதலாம் உலகப் போரிற் பணியாற்றி மீண்ட மக்குளோய், 1921இல் ஹாவர்டிற் சட்டப் பட்டம் பெற்று, நியூயோர்க்கிற் சட்டத்தரணியாய்ப் புகழீட்டினார். 1916இல் பிளாக் டொம் என்னுமிடத்தில் வெடிமருந்துகள் வெடித்தமை ஜேர்மனிய ஒற்றரின் செயலே என நிறுவுதற்குப் பல்லாண்டு உழைத்தார். 1939இல் வெற்றியும் கண்டார்.

அவ்வழக்கில் வெளிப்பட்ட திறமை, 1941இல் அவரை உதவிப் போர்ச் செயலாளர் பதவிக்கு உயர்த்தியது. அங்கேதான் பெருஞ்சோதனை காத்திருந்தது. யப்பான் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய பின்னர், மேற்குக் கரையில் வாழ்ந்த யப்பானிய வமிசத்தவரை அகற்றவேண்டுமெனப் படையினர் கோரினர். நீதித் திணைக்களத்தார் அரசியலமைப்பைக் காட்டி மறுத்தனர். சட்டம் பயின்ற மக்குளோய் படையினரின் பக்கமே நின்றார். 1942 பெப்ரவரி 19ஆம் நாள் சனாதிபதி ரூஸ்வெல்ட் ஆணையிற் கையொப்பமிட்டார். ஏறத்தாழ 1,20,000 பேர் வீடுவாசல் இழந்து முகாம்களில் அடைபட்டனர். அவருள் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கக் குடிமக்களே. எனினும், மறு ஆண்டில் அவ்வமிசத்து இளைஞரைக் கொண்டு தனிப் படைப்பிரிவு அமைவதற்குத் துணைநின்றவரும் அவரே.

போர் முடிந்தபின் பதவிகள் தொடர்ந்து வந்தன. 1947 முதல் 1949 வரை உலக வங்கியின் தலைவராயிருந்தார். பிரான்சுக்கு 25 கோடி டொலர் கொடுத்த அவ்வங்கியின் முதற்கடன் அவர் காலத்ததே. பின்பு 1952 வரை ஜேர்மனியில் அமெரிக்க உயர் ஆணையாளராய் இருந்தார். போர்க் குற்றத்துக்காக 12 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றிருந்த உருக்குத் தொழிலதிபர் அல்பிரட் குருப்பை 1951இல் விடுவித்து, பறிக்கப்பட்ட சொத்தையும் மீள்வித்தார். இத்தீர்மானம் பலத்த கண்டனத்துக்கு உள்ளாயிற்று.

1953இல் சேஸ் வங்கியின் பணிப்பாளர் சபைத் தலைவரானார். 1955இல் அது மன்ஹட்டன் வங்கியுடன் இணைந்து சேஸ் மன்ஹட்டன் ஆயிற்று. வெஸ்டிங்ஹவுஸ் முதலிய பெருங் கும்பனிகளின் பணிப்பாளர் சபைகளிலும் அமர்ந்தார். 1963இல் சனாதிபதி கெனடியின் கொலையை விசாரித்த ஆணைக்குழுவிலும் அங்கம் வகித்தார்.

ஆயினும் 1942ஆம் ஆண்டின் நிழல் அவரை விட்டகலவில்லை. 1981இல் விசாரணை ஆணைக்குழுவின் முன் தோன்றிய முதியவர், தம் செயலை நியாயப்படுத்தியே பேசினார். இனவெறுப்பும் போர்க்காலப் பீதியும் தலைவர்களின் தவறுமே அவ்வநீதிக்குக் காரணம் என 1983இல் ஆணைக்குழு முடிவுசெய்தது. 1988இல் அமெரிக்க அரசு மன்னிப்புக் கோரி, உயிருடனிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டொலர் வழங்கச் சட்டம் இயற்றியது. அடுத்த ஆண்டு, தமது 93ஆவது வயதில், மக்குளோய் காலமானார்.

ஆற்றலும் உழைப்பும் ஒருவனை எவ்வளவு உயர்த்தும் என்பதற்கு அவர் வாழ்வு சான்று. அச்சம் சூழ்ந்த வேளையிற் சட்டத்தைக் கைவிடாதிருத்தலே சட்டமறிந்தவனின் கடமை என்பதற்கும் அதுவே சான்று.