கழுவுநீரும் கமரன் அம்மையாரின் கண்ணாடித் தட்டுகளும்

ஒளிப்படக்கலையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் வில்லையையும் வெள்ளியுப்பையும் ஆராய்ந்த அளவுக்கு இருட்டறையின் நீரைக் கருதினாரல்லர். ஆயினும் எடுத்த படம் நிலைப்பதும் அழிவதும் பெரிதும் அந்நீரையே சார்ந்திருந்தன.

வெள்ளிக் குளோரைட்டைக் கரைக்கும் ஆற்றல் தயோசல்பேற்று உப்புக்கு உண்டென 1819இல் ஜோன் ஹேர்ஷல் கண்டார். 1839இல் அதுவே படத்தை நிலைநிறுத்தும் மருந்தாயிற்று. இருட்டறைகளில் 'ஹைப்போ' என வழங்குவது இதனையே. நிலைநிறுத்திய பின் அம்மருந்து கழுவி அகற்றப்படல் வேண்டும். எஞ்சி நிற்பின் அதிலுள்ள கந்தகம் வெள்ளியைத் தாக்கும். படம் மஞ்சளித்து மங்கும். இலண்டன் ஒளிப்படச் சங்கம் 1855இல் நியமித்த குழு, தாட்படங்கள் மங்குவதற்கு முதன்மைக் காரணம் எஞ்சிய ஹைப்போவே என அறிக்கையிட்டது.

இவ்வறிக்கை வெளிவந்து 14 ஆண்டுகளின் பின்னரும் இச்சிக்கல் தீர்ந்திலது என்பதற்கு யூலியா மாகிறெற் கமரன் அம்மையார் சான்றாவார். கோல்புறூக்–கமரன் ஆணைக்குழுவால் நாமறிந்த சாள்ஸ் ஹே கமரனின் மனைவியார் இவர். வைற் தீவில் இவர் வாழ்ந்த ஊரின் பெயர் 'பிரெஷ்வோட்டர்', அதாவது நன்னீர்! அங்கே நிலக்கரி அறையொன்றை இருட்டறையாக்கி, கிணற்று நீர் கொண்டு தட்டுகளைக் கழுவினார். 1869இல், தம் அருமையான எதிர்ப்படங்கள் 45இல் தேன்கூடு போன்ற வெடிப்புகள் தோன்றியுள்ளன என்று ஹென்றி கோலுக்கு முறையிட்டார். மருந்துகளே பழுதானவை என்பது அம்மையாரின் கருத்து. ஒளிப்படச் சங்கத்தாரோ தீவின் ஈரக்காற்றைக் குறை கூறினர். ஹைப்போ போதியளவு கழுவப்படாமையே காரணம் என இன்றைய அருங்காட்சியக அறிஞர் கருதுகின்றனர். இதனை அவரது கவனக்குறைவுக்குச் சான்றாகக் கொள்வது நியாயமன்று என்பது எம் துணிபு. நீரைக் குடங்குடமாகச் சுமந்து வரவேண்டிய இடத்தில், எத்தனை முறை கழுவுவது என்பதைத் தீர்மானிப்பது அறிவு மட்டுமன்று. 1875இல் இலங்கைக்கு வந்த பின் அவர் எடுத்தனவாக எஞ்சியுள்ள படங்கள் மிகச் சிலவே.

நீரின் தூய்மை பற்றிய எண்ணமும் பின்னர் மாறியது. ஜெலற்றின் பூசிய பிலிமிலிருந்து நன்னீரைக் காட்டிலும் கடல்நீர் ஹைப்போவை விரைவாக அகற்றுவது இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பயன்பட்டது. உப்பு எஞ்சினால் படம் கெடுமாதலால் ஈற்றில் நன்னீரால் அலசுதல் இன்றியமையாதது. கமரனின் கொலோடியன் தட்டுகளுக்கு இம்முடிவை அப்படியே பொருத்துதல் தகாது.

சுண்ணாம்புக்கற் பாறையிலிருந்து ஊறும் யாழ்ப்பாணக் கிணற்றுநீர் போன்ற வன்னீர் இழைக்கும் தீங்கு வேறு. அது ஹைப்போவை அகற்றும். ஆனால் பிலிம் உலருங்கால் வெண்ணிறத் திட்டுகளை விட்டுச் செல்லும். வீட்டில் பிலிம் கழுவுவோர் இறுதி அலசலுக்கு மட்டும் காய்ச்சி வடித்த நீரைக் கொள்வது இதனாலேயே. திட்டுகள் கண்ணுக்குப் புலனாகும். ஹைப்போவோ புலனாகாது, பிலிமின் வெற்று ஓரத்தில் ஒரு துளி வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலை இட்டு, கபிலக் கறை படிகின்றதா என நோக்கியே அதன் எச்சத்தை அறியலாம்.