ராணியைக் கொன்னது யாரு?

போன கோடை லீவுல எங்க வீட்டுல ஒரு ராஜாங்கம் நடந்துச்சு. என் பொண்ணு (எட்டாவது முடிச்சவ), எங்க அண்ணன் பசங்க ரெண்டு பேரு, பக்கத்து வீட்டுப் பொண்ணு ஒண்ணு. ஒரே ஒரு கோடு போட்ட நோட்டு. ஆளுக்கொரு பாத்திரம். அந்தப் பாத்திரமாவே மாறி ரெண்டு பக்கம் எழுதிட்டு அடுத்த ஆள்கிட்ட தள்ளிடணும்.

மூணு வாரம் பட்டையைக் கிளப்பினாங்க. நாலாவது வாரம் என் பொண்ணு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு வந்து உக்காந்தா.

"அப்பா, நான் மட்டும்தான் நோட்டைத் தூக்கிக்கிட்டு எல்லார் பின்னாடியும் அலையறேன். சின்னவன் தனியா வேற ஏதோ கதை எழுதறான். பெரியவன் என்னைக் கேக்காம என் ராணியைக் கொன்னுட்டான். பேசாம மூடிடட்டுமா?"

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. (அதுக்கு வாங்கிக் கட்டிக்கிட்டது தனிக் கதை.) ஏன்னா இதே பஞ்சாயத்து, அச்சு அசலா இதே ராணி கேஸ், கிட்டத்தட்ட இருநூறு வருஷத்துக்கு முன்னாடி இங்கிலாந்துல ஒரு வீட்டுல நடந்திருக்கு. கொசுவத்தியைச் சுத்துங்க மக்களே...

யார்க்ஷயர்ல ஹாவர்த்னு ஒரு மலையூர். அங்க பாதிரியாரா இருந்தவர் பேட்ரிக் பிராண்ட்டி (சரக்கு இல்லீங்க, குடும்பப் பேரு). மனைவி 1821-ல போயிட்டாங்க. மூத்த பொண்ணுங்க ரெண்டு பேரும் 1825-ல அடுத்தடுத்து போயிட்டாங்க. மிச்சம் நாலு பிள்ளைங்க: சார்லட், பிரான்வெல், எமிலி, ஆன். 1826 ஜூன்ல அப்பா லீட்ஸ் போயிட்டு வரும்போது பையனுக்கு மரத்துல செஞ்ச பன்னிரண்டு சிப்பாய் பொம்மை வாங்கிட்டு வந்தார். அப்ப பெரியவ சார்லட்டுக்கு வயசு பத்து, கடைக்குட்டி ஆனுக்கு ஆறு.

ஆளுக்கொரு சிப்பாயைப் புடிச்சுக்கிட்டாங்க. சார்லட்டோடது வெலிங்டன். உடனே பிரான்வெல் தன்னோடதுக்கு போனபார்ட்னு பேரு வெச்சான். (அண்ணன் தம்பி அக்கா தங்கச்சி உள்ள வீட்டுல இதெல்லாம் சகஜம்.) சிப்பாய்ங்களுக்கு ஆப்பிரிக்காவுல கிளாஸ் டவுன்னு ஒரு ஊரு, சண்டை, பார்லிமெண்டு, எல்லாம் வந்தாச்சு. சண்டையில யாராவது செத்தா, நாலு பேரும் பூதங்களா வந்து உயிர் கொடுத்து எழுப்பிடுவாங்க. அந்த விளையாட்டுல சாவு செல்லாது!

1829 ஜனவரியில பிரான்வெல் ஒரு பத்திரிகை ஆரம்பிச்சான். தீப்பெட்டி சைஸ். பொம்மைங்க படிக்கணும்ல! எழுத்தும் எறும்பு சைஸ், பெரியவங்க கண்ணுக்கு லேசுல அகப்படாது. ஆரம்பிச்ச பையனுக்குச் சில மாசத்துலயே அலுத்துப் போச்சு. "இனிமே நீ பாத்துக்கோ"ன்னு அதே வருஷம் அக்கா தலையில கட்டிட்டான். சார்லட் விடாம நடத்தினா. 2019-ல அவ எழுதின ஒரு இதழை பிராண்ட்டி மியூசியம் பாரிஸ் ஏலத்துல எடுத்துச்சு. விலை 6 லட்சம் யூரோ.

1831 ஜனவரியில சார்லட் ரோ ஹெட்டுங்கற பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டா. நோட்டைத் தூக்கிக்கிட்டு அலையற ஆள் இல்லைன்னா என்ன ஆகும்? சின்னதுங்க ரெண்டும், எமிலியும் ஆனும், தனிக்குடித்தனம் போயிடுச்சு. பசிபிக் கடல்ல கோண்டல்னு ஒரு தீவு, அவங்களே ராஜா, அவங்களே மந்திரி. பெரியவங்க ரெண்டு பேரும் 1834-ல ஆங்கிரியான்னு புது ராஜ்யம் அமைச்சாங்க. நல்லா கவனிங்க, பிரிஞ்சதால எதுவும் சாகலை. ஒண்ணு ரெண்டாச்சு, அவ்வளவுதான்.

இப்ப ராணி கேஸ். 1835-ல சார்லட் அதே பள்ளிக்கூடத்துல டீச்சர் வேலைக்குப் போனா. அவ மனசு முழுக்க ஆங்கிரியா, எதிர்ல இலக்கணம் தெரியாத பிள்ளைங்க. கண்ணை மூடினா கதை வருது, அதுக்குள்ள ஒரு பொண்ணு வந்து பாடத்துல சந்தேகம் கேக்குது. அந்த எரிச்சலையெல்லாம் எழுதி வெச்சிருக்கா. அந்த நேரத்துல வீட்டுல இருந்த பிரான்வெல், கதாநாயகன் ஸமோர்னாவோட பொண்டாட்டி மேரியை, அதாவது ஆங்கிரியாவோட ராணியைக் கொன்னுட்டான். இவளுக்கோ அங்க தவிப்பு. நிஜமாவே கொன்னுட்டானா, புதைச்சுட்டானான்னு எழுதி வெச்சுப் புலம்பியிருக்கா. அப்புறம் என்ன செஞ்சா? சண்டை போட்டுக் கடையை மூடலை. தன் முறை வந்தப்ப ராணியை உயிரோட கொண்டு வந்துட்டா. பழைய பூத வேலை!

1839 வாக்குல, இருபத்து மூணு வயசுல, ஆங்கிரியாவுக்கு ஒரு பிரியாவிடை எழுதினா. அந்த வெக்கையான உலகத்தை விட்டுக் கொஞ்சம் குளிர்ச்சியான இடத்துக்குப் போகணும்னு. கோவத்துல மூடறது வேற, கும்பிட்டு மூடறது வேற.

கோண்டல் அதுக்கப்புறமும் ஓடுச்சு. 1845 கோடையில எமிலியும் ஆனும் யார்க் நகரத்துக்கு ஒரு குட்டி டூர் போனாங்க. எமிலிக்கு இருபத்தாறு, ஆனுக்கு இருபத்தஞ்சு. வழி முழுக்க கோண்டல் பாத்திரங்களாவே பேசிக்கிட்டுப் போயிருக்காங்க! சில வருஷத்துக்கு ஒரு தரம் ரெண்டு பேரும் ஆளுக்கொரு குறிப்பு எழுதி வெக்கறது வழக்கம். அந்த ஜூலைக் கடைசியில எமிலி எழுதினது, கோண்டல் எப்பவும் போல ஜோரா இருக்குன்னு. ஆன் எழுதினது, ஆட்டம் முன்ன மாதிரி இல்லையே, தேறுமான்னு.

ஒரே வீடு, ஒரே கதை, ஒருத்திக்கு அலுப்பு தட்டிடுச்சு. ஆனாலும் டூர்ல அக்காவோட சேர்ந்து ஆடியிருக்கா பாருங்க, அது தான் விஷயம். இந்த மாதிரி கூட்டத்தை ஓட்டறது உற்சாகம் இல்லை. ஒருத்தருக்கு உற்சாகம் வத்தறப்ப இன்னொருத்தருக்கு மிச்சம் இருக்கறது தான்.

கோண்டல் உரைநடைக் கதைங்க எல்லாம் தொலைஞ்சு போச்சு. மிஞ்சினது கவிதைங்க. அதுல சிலது 1846-ல அக்கா தங்கச்சி மூணு பேரும் புனைபேர்ல போட்ட புத்தகத்துல வந்துச்சு. வித்தது ரெண்டு காப்பி! அடுத்த வருஷமே ஜேன் ஐயர், வுதரிங் ஹைட்ஸ், ஆக்னஸ் கிரே மூணும் வந்துடுச்சு. 1849 மே மாசத்துக்குள்ள பிரான்வெல், எமிலி, ஆன் மூணு பேரும் போயிட்டாங்க. நாலு பூதத்துல சார்லட் மட்டும் மிச்சம்.

இதையெல்லாம் எதுக்குச் சொல்றேன்னா... ஹாஸ்டல்ல நாங்களும் நாலு பேரு இப்படி ஒரு நோட்டு வெச்சிருந்தோம். ஒருத்தன் ரெண்டு மாசமா எழுதலைன்னு கோவத்துல நான் தான் கிழிச்சுக் குப்பையில போட்டேன். அவன் இப்ப இல்லை. அவன் எழுதினதுல ஒரு பக்கம் கூட என்கிட்ட இல்லை.

பொண்ணுகிட்ட இந்தக் கடைசி விஷயத்தைச் சொல்லலை. "சின்னவனுக்குத் தனித்தீவு குடுத்துடு. யாரையும் துரத்தாத. நோட்டை மட்டும் கிழிச்சுடாத"ன்னேன்.

"ராணி?"

"உன் முறை எப்ப?"

நோட்டை எடுத்துக்கிட்டு உள்ள போனா.