பாங்கு வட்டி வீதமும் நம் எல்லைப்புறமும்

ரிசர்வ் பாங்கு தன் வட்டி வீதத்தை அரை சதவீதம் உயர்த்தியது என்றோ குறைத்தது என்றோ நாளிதழில் ஒரு சிறு செய்தி வெளியாகும். கொழிஞ்சாம்பாறையில் நிலக்கடலை விதைப்பவரும் வண்டன்மேட்டில் ஏலம் பறிப்பவரும் அதனைப் படித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவர். அது பெருநகரத்துப் பணக்காரர்களின் விவகாரம் என்பது நம்மவர்களிடையே நெடுநாளாக நிலவிவரும் எண்ணம். அவ்வெண்ணம் முற்றிலும் தவறென்று நாம் சொல்லமாட்டோம். அந்த வீதம் நம் எல்லைப்புறத்தை வந்தடைய நெடுங்காலம் பிடித்தது. வரும் வழியில் இருமுறை பாலம் இடிந்தும் போயிற்று. அந்த வரலாற்றையே இம்மலரில் சுருங்கக் கூற முற்படுகின்றோம்.

முதற்கண் நாட்டின் அமைப்பை நினைவிற் கொள்ளவேண்டும். 1956 நவம்பர் முதல் நாளில் கேரள மாநிலம் அமையும்வரை பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அதனை அடுத்த சிற்றூர் கொச்சி அரசுக்குரியது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூருக்குரியவை. இன்றைய இடுக்கி மாவட்டம் பிறந்தது 1972 ஜனவரி 26 ஆம் நாளில்தான். திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து மலையேறிய தோட்டத் தொழிலாளர் திருவிதாங்கூரில் சக்கரத்தைக் கண்டனர். பிரிட்டிஷ் ரூபாய் ஒன்றுக்கு 28½ சக்கரம் என்பது கணக்கு. ஊருக்கு மணியார்டர் அனுப்பவோ ரூபாய் வேண்டும். அரசுகள் மூன்றாயினும், பெருவணிகத்திற்கான பணம் ஒன்றே. அப்பணத்தின் திறவுகோல் 1935 ஏப்ரல் முதல் நாளில் தொடங்கிய ரிசர்வ் பாங்கின் கையில் இருந்தது.

அத்திறவுகோல் இயங்கும் விதம் கடினமானதன்று. ஒருவர் நூறு ரூபாயைப் பாங்கில் இடுகின்றார். பாங்கு பத்து ரூபாயைக் கையிருப்பாக வைத்துத் தொண்ணூறு ரூபாயைப் போடிநாயக்கனூர் ஏல வியாபாரி ஒருவருக்குக் கடன் தருகின்றது. அவர் அதனை மலைத்தோட்டக்காரருக்குக் கொடுக்கின்றார். தோட்டக்காரர் அதனை மற்றொரு பாங்கில் இடுகின்றார். அந்தப் பாங்கு எண்பத்தொரு ரூபாயைக் கடன் தரும். இவ்வாறு போய்க்கொண்டே இருந்தால் நூறு ரூபாய் ஆயிரம் ரூபாய் வைப்பாகப் பெருகக்கூடும். நாட்டில் புழங்கும் பணத்தின் பெரும்பகுதி இப்படிக் கடன் வழியே பிறப்பதுதான். மிளகும் ஏலமும் நெல்லும் சந்தைக்கு வருங்காலத்தில் எல்லோரும் ஒருங்கே கடன் கேட்பர். பாங்கின் கையிருப்பு கரையும். அப்போது பாங்கு ரிசர்வ் பாங்கிடம் கடன் கேட்கின்றது. அதற்கு ரிசர்வ் பாங்கு வாங்கும் வட்டியே 'பாங்கு வீதம்' எனப்படுவது. அது உயர்ந்தால் பாங்குகள் கடன் வாங்கத் தயங்கும், தம் வாடிக்கைக்காரரிடம் வட்டியை உயர்த்தும், கடன் சுருங்கும், பணத்தின் பெருக்கமும் தணியும். குறைந்தால் இதற்கு மாறாக நிகழும்.

ஏட்டில் உள்ளது இதுவே. நாட்டில் நடந்ததோ வேறு. 1935 நவம்பரில் 3 சதவீதமாக வைக்கப்பட்ட பாங்கு வீதம் பதினாறு ஆண்டுகள் அசையவேயில்லை. 3 சதவீதம் என்பது மலிவான வட்டிதான். ஆயினும் 1938 ஜூன் மாதத்தில் திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் பாங்கு கதவடைத்தபோது அம்மலிவு எவருக்கும் உதவவில்லை. இரண்டு பாங்குகள் 1937 இல் இணைந்து உருவான நிறுவனம் அது. தென்னாட்டுப் பெரும் பாங்குகளுள் ஒன்று. திவான் சர் சி. பி. இராமசாமி ஐயருக்கும் பாங்கின் தலைவர்களுக்கும் இருந்த அரசியல் பகையே வீழ்ச்சிக்குக் காரணம் என்பார் உளர். பாங்கின் கடன்களே பழுதுற்றிருந்தன என்பாரும் உளர். அவ்வழக்கில் நாம் நுழையவில்லை. நாம் கருதவேண்டியது வேறொன்று. ரிசர்வ் பாங்கு கடன் தரவேண்டுமாயின் அரசாங்கப் பத்திரமோ சட்டம் ஏற்கும் உண்டியலோ ஈடாக வேண்டும். நிலத்தின் மீதும் தோட்டத்தின் மீதும் மலைச்சரக்கின் மீதும் கடன் கொடுத்திருந்த நம் பக்கத்துப் பாங்குகளிடம் அத்தகைய ஈடு அரிது. கிணற்றில் நீர் நிறைந்திருந்தது. ஆனால் நம் கயிறு எட்டவில்லை.

1950 ஜூனில் கொரியப் போர் மூண்டது. மிளகின் விலை வானளாவ உயர்ந்தது. நாடெங்கும் விலைவாசி ஏறிற்று. 1951 நவம்பரில் ரிசர்வ் பாங்கு தன் வீதத்தை 3 இலிருந்து 3½ சதவீதமாக உயர்த்தியது. அதே மாதத்தில் இங்கிலாந்து பாங்கும் 2 இலிருந்து 2½ ஆக உயர்த்தியது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. அரை சதவீதத்தில் என்ன ஆகிவிடும் என அன்பர்கள் வினவலாம். அந்த அரை சதவீதத்தைவிட உடன்வந்த அறிவிப்பே முக்கியமானது. அதுவரை பாங்குகள் பணம் வேண்டும்போதெல்லாம் தம்மிடமுள்ள அரசாங்கப் பத்திரங்களை ரிசர்வ் பாங்குக்கு விற்றுக் காசாக்கிக்கொண்டன. கடன் வாங்கவேண்டிய தேவையே இல்லாதபோது கடன் வட்டியைப் பற்றிக் கவலைப்படுவார் யார்? இனிப் பருவகாலத் தேவைக்குப் பத்திரங்களைச் சாதாரணமாக வாங்குவதில்லை. அவற்றை ஈடாக வைத்து உரிய வட்டிக்குக் கடன் பெறலாம் என்றது ரிசர்வ் பாங்கு. அன்றுதான் அவ்வீதத்துக்குப் பல் முளைத்தது.

1952 தொடக்கத்தில் சரக்கு விலைகள் சரிந்தன. அவ்வாண்டே இந்தியத் தேயிலைக்கும் பெரும் நெருக்கடி நேர்ந்தது. வட்டி உயர்வால் விளைந்த சரிவு இது எனப் பலர் எழுதினர். உலகச் சந்தையில் வாங்குவோர் பின்வாங்கியதற்கே பெரும்பங்கு உண்டென்பது எங்கள் கருத்து. சரக்கைப் பதுக்கி வைத்திருந்த வியாபாரிகளுக்குக் கடன் இறுகியதும் ஒரு காரணமே. ஆனால் மலையில் கூலி வாங்குபவனுக்கு இரண்டும் ஒன்றாகவே வந்து சேர்ந்தன.

கடன் இறுகியதை ஈடுசெய்ய 1952 ஜனவரியில் உண்டியல் சந்தைத் திட்டம் வந்தது. வியாபாரிகள் எழுதித் தரும் தவணைப் பத்திரங்களை ஈடாகக் கொண்டு பாங்குகள் ரிசர்வ் பாங்கிடம், தொடக்கத்தில் பாங்கு வீதத்தினும் அரை சதவீதம் குறைவான வட்டிக்கே, கடன் பெறலாம். நல்ல திட்டந்தான். எனினும் முதலில் 10 கோடி ரூபாய்க்கு மேல் வைப்புள்ள பாங்குகளுக்கே அது திறந்தது. பத்திரம் ஒவ்வொன்றும் குறைந்தது ஒரு இலட்சம் ரூபாய்க்கு இருக்கவேண்டும். பாலக்காட்டு நெல் வியாபாரி ஒரு இலட்சத்துக்கு எங்கே பத்திரம் எழுதுவார்? பின்னர் 1954 க்குள் வரம்புகள் தளர்த்தப்பட்டன. அதுகாறும் நம்மவர் குறியையும் சிட்டியையும் வட்டிக்கடையையுமே நம்பியிருந்தனர். அங்கே வட்டியைத் தீர்மானித்தது ரிசர்வ் பாங்கன்று.

இரண்டாம் இடி 1960 இல் விழுந்தது. பாங்கு வீதம் 1957 மே மாதத்தில் 4 சதவீதமாகியிருந்தது. 1960 மார்ச்சில், புதிதாகச் சேரும் வைப்பில் நூற்றுக்கு 25 பங்கைத் தன்னிடம் கட்டவேண்டும் என ரிசர்வ் பாங்கு ஆணையிட்டது. மே மாதத்தில் அது நூற்றுக்கு 50 ஆயிற்று. வட்டியைத் தொடாமலே பணப்பெருக்கத்தைப் பிடித்து நிறுத்தும் வழி இது. அவ்வாண்டு ஆகஸ்டு 8 ஆம் நாள், 1927 இல் தோன்றிய பாலை சென்ட்ரல் பாங்கைக் கலைக்கவேண்டுமென ரிசர்வ் பாங்கே கேரள உயர்நீதிமன்றத்தில் மனுச் செய்தது. கேரளத்தின் பெரும் பாங்காகக் கருதப்பட்டது அது. கோட்டயம் பக்கத்திலிருந்து மலைக்குக் குடியேறிய விவசாயிகள் பலரின் சேமிப்பு அதில் இருந்தது. அதன் கடன்கள் பழுதுற்றிருந்ததை ரிசர்வ் பாங்கின் தணிக்கையாளர்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே கண்டிருந்தனர். உடனே மூடினால் மற்றப் பாங்குகளும் சரியும் என்றஞ்சிக் காத்திருந்ததாக ரிசர்வ் பாங்குத் தரப்பில் கூறப்பட்டது. காத்திருந்த ஆண்டுகளிலும் மக்கள் பணம் போட்டுக்கொண்டேதான் இருந்தனர் என்பதை எண்ணும்போது, அந்தச் சமாதானம் நமக்கு நிறைவளிக்கவில்லை.

வீழ்ச்சியின் விளைவு ஒரு பாங்கோடு நிற்கவில்லை. பிற பாங்குகளிலிருந்தும் மக்கள் பணத்தை எடுக்கத் தொடங்கினர். வைப்பாக இருந்த பணம் வீட்டுப் பெட்டிக்கு வந்ததும், மேலே நாம் சொன்ன பெருக்கம் தலைகீழாகின்றது. ஆயிரம் நூறாகச் சுருங்கும். மும்பையில் எவ்வளவு மலிவாக வட்டி வைத்தாலும் அச்சத்தினால் சுருங்கிய பணத்தை அது பெருக்கிவிடாது.

அதன்பின் அரசு விரைந்து செயற்பட்டது. அவ்வாண்டே சட்டம் திருத்தப்பட்டு, நலிந்த பாங்குகளைப் பிறவற்றோடு இணைக்கும் அதிகாரம் வந்தது. 1961 இல் திருவிதாங்கூர் ஃபார்வர்டு பாங்கு, கோட்டயம் ஓரியண்ட் பாங்கு, பாங்கு ஆஃப் நியூ இந்தியா ஆகியவை ஸ்டேட் பாங்கு ஆஃப் திருவாங்கூரில் சேர்ந்தன. 1962 ஜனவரி முதல் நாளில் வைப்புக் காப்புறுதி நடைமுறைக்கு வந்தது. ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை. சிறுசேமிப்பாளருக்கு அத்தொகை அன்று பெரிதே. 2020 பிப்ரவரியில் அது 5 இலட்சமாக்கப்பட்டது. 1969 ஜூலை 19 ஆம் நாள் பதினான்கு பாங்குகள் நாட்டுடைமையாயின. பின்னர் மாவட்டத்துக்கொரு முன்னோடிப் பாங்கு என்ற திட்டத்தின் கீழ்ப் பாலக்காட்டுக்குக் கனரா பாங்கும், பிறந்தபின் இடுக்கிக்கு யூனியன் பாங்கும் பொறுப்பேற்றன. மலைச்சிற்றூர்களிலும் கிளைகள் தோன்றின.

1974 ஜூலையில் 9 சதவீதம், 1991 அக்டோபரில் 12 சதவீதம் எனப் பாங்கு வீதம் ஏறியபோது, அதன் சூட்டை நம் வியாபாரிகள் நேராகவே உணர்ந்தனர். 2000 ஆம் ஆண்டுக்குப் பின் ரெப்போ வீதம் என்பது அதன் இடத்தைப் பிடித்தது. 2019 அக்டோபர் முதல், வீட்டுக்கடனுக்கும் சிறுதொழிற் கடனுக்கும் பாங்குகள் புதிதாக வைக்கும் மாறும் வட்டியை ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு பிணைக்கவேண்டும் என்றாயிற்று. ஆகவே 2020 மே மாதத்தில் ரெப்போ 4 சதவீதமாக இறங்கியதும், 2023 பிப்ரவரிக்குள் 6½ ஆக ஏறியதும், குமுளியில் கடை வைத்திருப்பவரின் மாதத் தவணையில் சில மாதங்களுக்குள் தெரிந்தது.

தெரியாத வீடுகளும் உள. பட்டயம் கிடைக்காத மலை நிலத்தைப் பாங்கு ஈடாக ஏற்பதில்லை. லயத்தில் வாழும் தொழிலாளிக்கு ஈடு வைக்க நிலமே இல்லை. நகை இருந்தால் நகைக்கடன் உண்டு. நகையும் தீர்ந்தபின் அவர் செல்வது கைமாற்றுக்கும் வட்டிக்காரரிடமுமே. அவ்வீடுகளில் வட்டி குறையவேண்டுமாயின் ரிசர்வ் பாங்கின் அறிவிப்புக்கு முன்னே வரவேண்டியது வருவாய்த் துறையின் பட்டயம்.