பழுதில் பிறந்த இசை

சிறிய வானொலிப் பெட்டி ஒன்றின் குமிழைக் கடைசிவரை திருகிப் பார்த்திருக்கிறீர்களா? ஒலி கூடும், கூடவே கரகரப்பும் சேரும். உடனே குமிழைப் பின்னுக்குத் திருப்பிவிடுவோம். ஆனால் மின்கிதார் வாசிப்பவர்கள் இதே கரகரப்பை விலை கொடுத்து வாங்குகிறார்கள்! காலால் அழுத்தி இயக்கும் சிறு பெட்டி ஒன்று அதை உண்டாக்குகிறது. அதன் பெயர் 'ஓவர்டிரைவ் பெடல்'. ஒரு குறை கருவியாக மாறிய வரலாறு இது.

முதலில் கரகரப்பு பிறக்கும் விதத்தைப் பார்ப்போம். மின்கிதாரின் எஃகுக் கம்பிகளுக்குக் கீழே காந்தமும் அதைச் சுற்றிய கம்பிச்சுருளும் உள்ளன. கம்பி அதிரும்போது சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. 1831-இல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது. இந்த மெல்லிய மின்னலையை மின்பெருக்கி பெரிதாக்குகிறது. ஆனால் எந்தப் பெருக்கிக்கும் ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டி அலை எழ முயன்றால் அதன் முகடு வெட்டுண்டு தட்டையாகிவிடும்.

அப்போது முதலில் இல்லாத அதிர்வெண்கள் புதிதாகத் தோன்றும். 200 ஹெர்ட்ஸ் அலை மேலும் கீழும் சமமாக வெட்டுண்டால் 600, 1000 போன்ற ஒற்றை மடங்குகள் பிறக்கும். ஏற்றத்தாழ்வாக வெட்டுண்டால் 400, 800 போன்ற இரட்டை மடங்குகளும் சேரும். பொறியாளர்கள் இதை 'உருக்குலைவு' என்றழைத்து, ஒழிக்கப் பாடுபட்டனர்.

கலைஞர்களோ வேறு விதமாக நினைத்தனர். 1951-இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் ஐக் டர்னர் குழுவினர் 'ராக்கெட் 88' பாடலைப் பதிவு செய்ய வந்தார்கள். வழியில் அவர்களுடைய கிதார் பெருக்கி பழுதாகிவிட்டது. கிழிந்த ஒலிபெருக்கிக் கூம்பில் காகிதத்தைத் திணித்துச் சமாளித்தார்கள் என்பர். பதிவாளர் சாம் ஃபிலிப்ஸ் அந்தக் கரகரப்பை விரும்பி அப்படியே பதிவு செய்தார். 1958-இல் 'ரம்பிள்' என்ற இசைக்காக லிங்க் ரே தம் ஒலிபெருக்கியைப் பென்சிலால் குத்தினார்.

திருப்பம் நாஷ்வில் நகரில் நேர்ந்தது. மார்ட்டி ராபின்ஸ் பாடி 1961-இல் வெளிவந்த 'டோன்ட் வொரி' பாடலின் பதிவில், ஒலிக்கலவைக் கருவியின் ஒரு பகுதி பழுதுபட்டு, கிரேடி மார்ட்டினின் கிதார் ஒலி கரடுமுரடாகப் பதிவாயிற்று. பதிவுப் பொறியாளர் கிளென் ஸ்னாடி அத்துடன் விட்டுவிடவில்லை. பழுது எங்கே என்று ஆராய்ந்து, அதே ஒலியை வேண்டும்போதெல்லாம் தரக்கூடிய டிரான்சிஸ்டர் சுற்று ஒன்றை அமைத்தார். 1962-இல் கிப்சன் நிறுவனம் அதை 'மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் வாங்குவாரில்லை. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 'சாட்டிஸ்ஃபாக்‌ஷன்' பாடலில் அது ஒலித்த பிறகுதான் மளமளவென்று விற்றது.

ஆயினும் ஃபஸ் கருவி மிகக் கடுமையானது. அலையை ஏறக்குறையச் சதுர அலையாகவே வெட்டிவிடும். வால்வுப் பெருக்கியோ மென்மையாக மீட்டினால் தெளிவாகவும், அழுத்தி மீட்டினால் சிறிது சிறிதாகக் கரகரப்பாகவும் ஒலிக்கும். ஆனால் அதற்கு ஒலியை மிக உயர்த்த வேண்டும், வீட்டில் முடியுமா? 1970-களின் இறுதியில் ஜப்பானிய நிறுவனங்கள் இதற்கு விடை கண்டன. 1977-இல் பாஸ் நிறுவனத்தின் 'ஓடி-1', அதையடுத்து ஐபனேஸ் நிறுவனத்தின் 'டியூப் ஸ்கிரீமர்' ஆகியவை வந்தன. இவற்றில் செயல்பாட்டுப் பெருக்கியின் பின்னூட்டப் பாதையில் சிலிக்கான் டயோடுகள் உள்ளன. சுமார் 0.6 வோல்ட்டை நெருங்கும்போது டயோடு மின்னோட்டத்தைக் கடத்தத் தொடங்கும். பெருக்கம் படிப்படியாகக் குறையும். முகடு வெட்டுப்படாமல் வளைந்து கொடுக்கிறது. டியூப் ஸ்கிரீமர் இருபுறமும் சமமாக வளைக்கும். ஓடி-1 ஏற்றத்தாழ்வாக வளைக்கும்.

பல வகை இசைக்கும் பயன்படும் பெடல் ஒன்றைத் தேர்ந்தெடுக்க இந்த வரலாறே வழி காட்டும். பெடலில் பொதுவாக மூன்று குமிழ்கள் இருக்கும்: கரகரப்புக்கு ஒன்று, ஒலித்தன்மைக்கு ஒன்று, ஒலியளவுக்கு ஒன்று. கரகரப்பை நடுவில் வைத்து, முதலில் மென்மையாகவும் பிறகு அழுத்தியும் மீட்டுங்கள். விரலின் வேறுபாடு காதுக்குத் தெரிய வேண்டும். அடுத்து, பல கம்பிகளை ஒருசேர மீட்டுங்கள். சுரங்கள் ஒன்றோடொன்று குழம்பாமல் கேட்க வேண்டும். இறுதியாக, கரகரப்பைக் குறைத்து ஒலியளவைக் கூட்டுங்கள். அப்போது பெடல், தனக்குப் பின்னுள்ள வால்வுப் பெருக்கியையே அதன் எல்லைக்குத் தள்ள வல்லதாக இருக்க வேண்டும். இம்மூன்றிலும் தேறுவது எந்தப் பாட்டுக்கும் உதவும்.

மாணவர்களே, இதை உங்கள் ஆய்வுக்கூடத்திலேயே காணலாம். சைன் அலை ஆக்கி ஒன்றுடன் 1000 ஓம் மின்தடையைத் தொடரில் இணையுங்கள். அதன் மறுமுனைக்கும் பொதுமுனைக்கும் இடையே இரண்டு சிலிக்கான் டயோடுகளை எதிரெதிர்த் திசையில், பக்க இணைப்பில் வையுங்கள். டயோடுகளின் குறுக்கே உள்ள மின்னழுத்தத்தை அலைநோக்கியில் பார்த்தபடி அலைவீச்சை மெல்லக் கூட்டுங்கள். முகடு தட்டையாவது கண்ணுக்குத் தெரியும். சோதனையில் எதிர்பாராத அலை ஒன்று தோன்றினால் உடனே மின்னோட்டத்தை நிறுத்திவிடாதீர்கள். அது ஏன் வந்தது என்று ஸ்னாடியைப் போல ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.