சுந்தர மந்திரம்

விருதுநகர் மாவட்டம் திருச்சுழியில், பூமிநாதர் கோயிலுக்கு அருகிலுள்ள பழைய வீடு. ரமண மகரிஷி பிறந்த இல்லம். அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே, குண்டாற்றை ஒட்டிய வறண்ட சீமையில் அமைந்த ஊர் இது. சுந்தரர் தேவாரம் பெற்ற தலம்.

வீட்டுக்கு உரியவர் ரமணரின் தந்தை சுந்தரம் ஐயர். கணக்குப்பிள்ளையிடம் மாதம் இரண்டு ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தவர், பின்னர் மனு எழுதுபவராகி, சட்டப் பட்டம் இன்றியே வழக்காட அனுமதி பெற்றார். தொழில் செழித்தபின் அவர் அமைத்துக்கொண்ட வீடு இரு பகுதிகள் கொண்டது. ஒன்று குடும்பத்துக்கு, மற்றது விருந்தினருக்கு. இதனை இரட்டை வீடு என்றும், ஒரே வீட்டின் இரு பாதிகள் என்றும் கூறுவர். ஊருக்கு மாற்றலாகி வரும் அதிகாரிகள் வேறு இடம் அமையும்வரை இங்கேயே தங்கி உண்டனர். ஒரு வக்கீல் தன் வீட்டில் பாதியை வருவோர்க்கென்றே ஒதுக்கியது இக்கட்டடத்தின் தனிச்சிறப்பு.

1879 டிசம்பர் 29 நள்ளிரவு கடந்து, ஆருத்திரா தரிசனத்துக்கு உலாப் போன நடராசர் கோயில் திரும்பும் வேளையில், சுந்தரம் ஐயரின் மனைவி அழகம்மாளுக்கு இரண்டாம் மகனாக, பின்னாளில் ரமணரான வேங்கடராமன் இங்கே பிறந்தார். ஆங்கில முறையில் தேதி 30. சூரிய உதயத்தில் நாள் தொடங்கும் நம் வழக்கில் அது முந்தைய நாளைச் சேரும். தந்தையின் வழக்குக் கட்டுகளிலிருந்து தாள்களை உருவிச் சிறுவன் காகிதக் கப்பல் செய்து விட்டான், திட்டு வாங்கியதும் வீட்டைவிட்டுப் போய்க் கோயிலில் சகாயவல்லி அம்மன் சன்னிதியில் ஒளிந்திருந்தான் என்றொரு செய்தி உண்டு. வக்கீல் வீட்டின் அன்றாடத்தைக் காட்டும் அருமையான குறிப்பு இது.

1892 பிப்ரவரியில் சுந்தரம் ஐயர் காலமானதும் குடும்பம் பிரிந்தது. மூத்த பிள்ளைகள் இருவரும் மதுரையில் சிற்றப்பா சுப்பையர் வீட்டுக்குச் சென்றனர். தாய் இளைய குழந்தைகளுடன் மானாமதுரையில் மற்றொரு கொழுந்தனாரின் ஆதரவில் வாழ்ந்தார். திருச்சுழி வீடு குடும்பத்தின் கையை விட்டுப் போயிற்று.

பிற்காலத்தில் திருவண்ணாமலை ரமணாசிரமம் இவ்வீட்டைப் பெற்றது; அது தந்தையின் பெயரால் சுந்தர மந்திரம் என வழங்கலாயிற்று. பிறந்த அறை போற்றப்படுகிறது. நாள்தோறும் பூசை உண்டு. ரமணர் 1896இல் மரண அனுபவம் பெற்ற மதுரை சொக்கப்ப நாயக்கன் தெரு வீடும் ரமண மந்திரம் என்ற பெயரில் ஆசிரமத்தின் பொறுப்பில் உள்ளது.