செம்பூர்க் காற்று: ஒரு பெயரும் அதன் சான்றுகளும்

மும்பையின் கிழக்குப் புறநகரான செம்பூரில் தமிழர் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். இப்பகுதியைக் ‘கேஸ் சேம்பர்’ எனச் சுட்டும் வழக்கு நகர மக்களிடமும் இதழ்களிலும் நிலைபெற்றது. அப்பெயர் பிறந்த தொழில் வரலாற்றையும், அது சுட்டிய துன்பம் சான்றாக ஏற்கப்பட்ட முறையையும், இவற்றைத் தமிழில் சொல்லுங்கால் எழும் சிக்கலையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

செம்பூரை அடுத்த டிராம்பேயில் 1954இல், பின்னர் எஸ்ஸோ எனப் பெயர்பெற்ற நிறுவனத்தின் எண்ணெய்த் தூய்விப்பு ஆலையும், 1955இல் பர்மா ஷெல் ஆலையும் இயங்கத் தொடங்கின. 1956இல் டாட்டா அனல்மின் நிலையமும், 1960களின் இடையில் உர ஆலையும் அவற்றோடு சேர்ந்தன. இவ்வாறு ஏறத்தாழப் பத்தாண்டுக் காலத்தில் எண்ணெய், மின்சாரம், உரம் ஆகிய மூன்றும் ஒரே நிலப்பரப்பில் குவிந்தன. குடியிருப்புகளும் அவற்றின் அருகிலேயே பெருகின. கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள், தூசு ஆகியன மக்கள் சுவாசிக்கும் காற்றில் கலந்தன.

‘கேஸ் சேம்பர்’ என்பது உருவகம் மட்டுமன்று, ஒலி விளையாட்டுமாகும். மராத்தியில் இவ்வூர்ப்பெயரின் முதலெழுத்து வல்லொலியாக ஒலிக்கும். ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தும் அவ்வாறே ஒலிக்கும். தமிழரில் பலர் மொழிமுதல் சகரத்தை மெல்லொலியாக ஒலிப்பதால் இவ்வொற்றுமை மங்கிவிடுகிறது. ‘நச்சுவாயுக் கூடம்’ என மொழிபெயர்த்தால் பொருள் தங்கும். ஊர்ப்பெயரின் எதிரொலி மறையும். மேலும், நச்சுவாயுக் கூடம் உடனே கொல்வது. செம்பூர்க் காற்றோ ஆண்டுக்கணக்கில் நுரையீரலைத் தளர்த்துவது. எனவே இப்பெயர் மக்களின் சினத்தைக் காட்டியதேயன்றி, நோயின் போக்கைக் காட்டவில்லை.

அப்போக்கை மருத்துவ ஆய்வே காட்டியது. 1970களில் கே.இ.எம். மருத்துவமனையைச் சார்ந்த எஸ். ஆர். காமத்தும் குழுவினரும் செம்பூர், லால்பாக், கார் ஆகிய நகரப் பகுதிகளையும் ஒரு சிற்றூர்ப் பகுதியையும் ஒப்பிட்டு 4,129 பேரை ஆராய்ந்தனர். கந்தக டை ஆக்சைடு மிக்க இடத்தில் மூச்சிரைப்பு, நாட்பட்ட இருமல், அடிக்கடி வரும் சளி, மூச்சுக்குழல் அழற்சி முதலியன மிகுந்திருந்தன. இம்முடிவுகள் 1980இல் வெளியாயின. ஊர்வாய்ச் சொல்லாக இருந்த குறை அதனால் ஒப்பிடத்தக்க எண்ணாயிற்று.

1981ஆம் ஆண்டின் காற்றுச் சட்டம், மனிதர்க்கும் பிற உயிர்கட்கும் ‘கேடு விளைவிக்கக்கூடிய’ அளவில் காற்றில் உள்ள பொருளை மாசு என வரையறுத்தது. இங்குள்ள ‘கூடிய’ என்னும் துணைச்சொல் சிறிதெனினும் அதன் பயன் பெரிது. அதனை விடுத்துக் ‘கேடு விளைவித்த’ எனப் பெயர்ப்பின், நோய் வந்த பின்னரே சட்டம் துணை நிற்கும் எனப் பொருள்படும். தமிழ்நாட்டு வழக்கில் ‘காற்று மாசு’ எனவும் இலங்கை வழக்கில் ‘வளி மாசடைதல்’ எனவும் கலைச்சொல் வேறுபடுவதால் இத்தகைய பிழை நேராது. வினைமுடிபு பிறழ்ந்தால் உரிமையே பிறழும்.

இவ்வேறுபாட்டின் அருமையை மாகுல், அம்பாபாடா மக்களின் வழக்கு உணர்த்துகிறது. கே.இ.எம். மருத்துவமனையின் பிற்கால ஆய்வொன்றில் அங்கு 67.1 விழுக்காட்டினர் மாதத்தில் மும்முறைக்கு மேல் மூச்சுத் திணறலுற்றதாகவும், 86.6 விழுக்காட்டினர் கண்ணெரிச்சலுற்றதாகவும் கூறினர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 திசம்பரில் அக்காற்று மக்கள் உடல்நலத்திற்கு அச்சுறுத்தலாக இருப்பதை ஏற்றது. வேறிடங்களில் வீடிழந்து மாகுலில் குடியமர்த்தப்பட்டோர் வழக்கில், பம்பாய் உயர்நீதிமன்றம் 2019இல் அவர்கட்கு மாற்றுக் குடியிருப்போ, மாதம் 15,000 ரூபாய் வாடகைத் தொகையோ வழங்க ஆணையிட்டது.

பட்டப்பெயர், மருத்துவ எண், சட்ட வரையறை, நீதிமன்ற ஆணை என ஒரே துன்பம் நான்கு மொழிநடைகளில் பதிவாகியுள்ளது. ஒன்றின் சொல்லை மற்றொன்றின் இடத்தில் வைத்தல் தகாது. சினத்தை எண்ணாகவும், வரக்கூடிய கேட்டை வந்த கேடாகவும் மாற்றிவிடாமல் காப்பதே இத்துறை மொழிபெயர்ப்பாளர்க்குரிய கடன் எனக் கொள்ளலாம்.