ஜீவனாம்சம் எந்தத் தேதியிலிருந்து?

விழுப்புரம், திண்டிவனம் கோர்ட்டுகளில் கைக்குழந்தையோடு ஜீவனாம்ச மனு போட்ட பெண்களுக்குத் தொகையைப் போலவே தேதியும் கவலைதான். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488-ஆம் பிரிவும், 1974-இல் அமலுக்கு வந்த 125-ஆம் பிரிவும் சொன்னது இதுதான்: உத்தரவுத் தேதியிலிருந்து பணம், மாஜிஸ்திரேட் அப்படி உத்தரவிட்டால் மனுத் தேதியிலிருந்து. வாய்தா மேல் வாய்தாவாக மூன்று வருடம் போனால், அந்த மூன்று வருடப் பாலும் பள்ளிக்கூடச் செலவும் தாய் தலையில். இழுத்தடித்தவனுக்கு லாபம்.

2020 நவம்பர் 4 அன்று ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு முடிவு கட்டியது: மனுப் போட்ட நாளிலிருந்தே கொடுக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அந்தப் பிரிவின் எண் 144.

ஆகவே, பஞ்சாயத்துப் பேசிப் பார்க்கலாம் என்று யாராவது நாளைத் தள்ளினால் சொல்லுங்கள்: பேச்சு நடக்கட்டும், மனுவை இன்றே போடம்மா. மனுவுக்கு முந்தைய நாட்களுக்குக் கணக்கு இல்லை.